பெயர்த்தகட்டுக்கு அடியில் இருந்த பச்சை

அவனுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் எங்கள் தெருவில் யாருக்கும் வீடு தெரியாது. சுரண்டி என்று கேட்டால் கையைப் பிடித்து அழைத்துப்போய் வாசலில் விட்டுவிடுவார்கள். அவன் என் மனைவியின் தம்பி. ஐம்பதைத் தாண்டியவன். அடிபட்டு வரும் வண்டிகளைத் தட்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துக் கொடுக்கும் பட்டறை வைத்திருக்கிறான். அது வயிற்றுக்கு. மனசுக்கு, பழைய புல்வெட்டும் இயந்திரங்கள்.

கையால் தள்ளுகிற வகை. பின்னால் கனமான உருளை, முன்னால் சுருள் சுருளாகக் கத்திகள், இடுப்பு உயரத்துக்கு மரக் கைப்பிடி. அவற்றைச் செய்த தொழிற்சாலை எங்கள் ஊரிலேயே இருந்தது. அதை மூடி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. இயந்திரங்கள் மட்டும் சாகவில்லை. பள்ளிக்கூட மைதானங்களிலும் மருத்துவமனைக் கிடங்குகளிலும் வீட்டுப் பின்பக்கங்களிலும் துருவேறி நிற்கின்றன. அந்தத் தொழிற்சாலை எந்தக் காலத்தில் எந்த நிறம் பூசி அனுப்பியது என்று கண்டுபிடிப்பதுதான் சுரண்டியின் வேலை. யாரும் அவனைக் கேட்காத கேள்வி அது. அதற்கு அவன் பதில் தேடிக்கொண்டே இருந்தான்.

ஒருமுறை துக்கம் கேட்கப் போன வீட்டில் ஆளைக் காணோம். என் மனைவி தேடிப்போய்ப் பார்த்தால், பின்பக்கக் கொட்டகையில் குப்புறப் படுத்துக்கொண்டு கையில் லென்ஸுடன் இருந்தான். வீட்டுக்காரர் வந்து நின்று, "என்ன தம்பி தேடுறீங்க?" என்று கேட்டார்.

"சிவப்புக்குக் கீழ ஆரஞ்சு இருக்குங்க." முகமெல்லாம் பல்.

வெளியே வந்ததும் அவன் அக்கா சொன்னாள்: "அழுத வீட்டுல ஆரஞ்சு தேடின ஒரே ஆளு நீதான்டா."

அந்த வீட்டுக்காரர் பிறகு இயந்திரத்தையே வண்டியில் ஏற்றி அவனுக்கு அனுப்பிவைத்தார். அந்தக் கொட்டகையில் யாராவது சந்தோஷமாக இருந்து ரொம்ப நாளாயிற்று என்று சொல்லி அனுப்பினார்.

அவன் பார்க்கும் முறையைச் சொல்ல வேண்டும். இயந்திரத்தின் பக்கத்தகட்டில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, தண்ணீர் தொட்டு, நைஸ் உப்புத்தாளால் வட்டமாகத் தேய்ப்பான். நடுவில் அழுத்தம் அதிகம், ஓரத்தில் குறைவு. மெல்ல மெல்ல ஒரு குழி விழும். வெங்காயத்தைக் குறுக்கே அரிந்தால் தெரிகிற மாதிரி அடுக்கடுக்காக வளையங்கள் தெரியும். வெளியே சிவப்பு, உள்ளே ஆரஞ்சு, அதற்குள் கரும்பச்சை, அதற்குள் வெளிர்பச்சை, அதற்குள் செங்காவி பிரைமர், நடுவில் இரும்பு. இதற்குக் 'கண்' என்று பெயர் வைத்திருந்தான். "இன்னிக்கு ஒரு கண் திறந்தேன் அத்தான்" என்று அவன் வந்து சொன்னால், கண் வைத்தியர் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

இத்தனை இயந்திரங்களைப் பார்த்து அவன் ஒரு சட்டம் வைத்திருந்தான். வெயில் பார்த்த பெயின்டை நம்பாதே. வெயில் வெளுக்க வைக்கும், பொய் சொல்ல வைக்கும். மூடியே கிடந்த இடத்தைப் பார். அதனால் ஒவ்வோர் இயந்திரத்திலும் தொழிற்சாலை பொருத்திய பெயர்த்தகட்டின் ஆணிகளைத் துளையிட்டுக் கழற்றி, அதற்கு அடியில் வெளிச்சமே படாமல் இருந்த பெயின்டைத்தான் கடைசிச் சாட்சியாக வைத்துக்கொள்வான். அங்கே என்ன நிறமோ, அதைத் தகரத் துண்டு ஒன்றில் அப்படியே கலந்து பூசி, துளை போட்டு, கம்பி வளையத்தில் கோத்துவிடுவான். பட்டறைச் சுவரில் அந்த வளையம் சாவிக்கொத்துப் போலத் தொங்கும். முதல் துண்டு வெளிர்பச்சை. தொழிற்சாலையின் முதல் நிறம் அதுதான் என்பது அவன் கண்டுபிடிப்பு.

இங்கேதான் 'நீலம்' வருகிறார்.

நீலம் என்பது ஊர் வைத்த கேலிப் பெயர். தொழிற்சாலையின் பெயின்ட் பிரிவில் வேலை பார்த்தவர். எண்பதைக் கடந்துவிட்டார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "முதல் மெஷினெல்லாம் நீலம். கலந்ததே நான்தான்" என்று சொல்வார். ஊரில் யாரும் நீல நிறத்தில் ஒன்றைப் பார்த்ததில்லை. எல்லாரும் அறிந்தது பச்சையும் அதற்குப் பிறகு வந்தவையும்தான். "பெருசு, நிலாவுக்கு வெள்ளையடிச்சதும் நீங்கதானா?" என்பார் டீக்கடைக்காரர். கிழவர் விட்டுக்கொடுக்க மாட்டார். பேச்சு முற்றி ஒரு நாள் சுரண்டியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவன் லென்ஸும் பெயர்த்தகடு கழற்றிய ஒரு பக்கத்தகடுமாக வந்து, எல்லார் கையிலும் கொடுத்துக் காட்டினான். பச்சை. சந்தேகமே இல்லாத பச்சை.

"பாருங்க ஐயா. வெளிச்சமே படாத இடம். அடிச்ச அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு."

கிழவர் தகட்டைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு அவர் டீக்கடைக்கு வரவில்லை.

இது நடந்து சில ஆண்டுகள் கழித்து, தொழிற்சாலை இருந்த இடத்தில் அமைந்த விளையாட்டுத் திடலின் சங்கத்தார், பழைய தொழிற்சாலைக்கு நினைவாக ஒரு சின்னக் கூடம் கட்டினார்கள். நடுவில் வைப்பதற்கு அவர்களிடம் ஒரு பொருள் இருந்தது: தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த முதல் இயந்திரம். எண் ஒன்று என்று அதன் இரும்புச் சட்டத்திலேயே கொத்தியிருக்கும். அதை முதல் நாள் நிறத்துக்குக் கொண்டுவரும் பொறுப்பைச் சுரண்டியிடம் கொடுத்தார்கள்.

அவன் அன்று சாப்பிடவில்லை. இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். "அத்தான், எண் ஒண்ணு. இதுக்கு மேல கேக்குறதுக்கு ஆளே கிடையாது. இதான் மூலவர்." பெயர்த்தகட்டைக் கழற்றினான். அடியில் அதே வெளிர்பச்சை. சங்கத்தின் செயலாளருக்குச் சொல்லி அனுப்பினான். அவர் உற்சாகமாகிவிட்டார். அழைப்பிதழைப் பச்சையில் அச்சடித்தார், கூடத்துக்குப் பச்சைத் திரை தைக்கக் கொடுத்தார்.

திரை தைக்கக் கொடுத்த இடம்தான் வினை. தையல்காரம்மா நீலத்தின் மகள்.

மறுநாள் அவள் ஒரு தகர டப்பாவைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். பொத்தான்கள் போட்டு வைக்கும் டப்பா. நான் என் ஸ்கூட்டரில் விழுந்த கீறலைக் காட்டுவதற்காக அங்கே இருந்தேன்.

"அண்ணே, மெஷினைச் சுரண்டியாச்சா?"

"நாளைக்குத்தான் தங்கச்சி. ஏன்?"

"சுரண்டாதீங்க. இதைப் பாருங்க முதல்ல. அப்பா ஃபேக்டரியில மிஞ்சின பெயின்டைக் கொண்டுவந்து அடிச்சது. முதல் மெஷினுக்கு அடிச்ச டின்னோட அடி வண்டல்."

டப்பாவின் வெளிப்பக்கம் நீலம். கீறலும் அழுக்குமாக இருந்தாலும் நீலம். சுரண்டி அதை வாங்கி, மூடியைத் திறந்து, உட்பக்கத்தைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்தது. மூடியைத் திருப்பி அவளுக்குக் காட்டினான்.

"உள்ள என்ன நிறம் தங்கச்சி?"

உள்ளே வெளிர்பச்சை.

"உள்ளயும் வெளியயும் ஒரே பெயின்டுதானே?"

"ஒரே டின்னு. ஒரே பிரஷ்ஷு."

"அப்ப உள்ளதான் நிஜம். பச்சைங்கிறது என்ன, நீலமும் மஞ்சளும். வெளியில இருந்த மஞ்சளை வெயில் தின்னுடுச்சு, நீலம் மிஞ்சிடுச்சு. ஐயா பாவம், அதைப் பாத்துப் பாத்து நீலம்னே நினைச்சுட்டாரு."

"எங்கப்பாவுக்குப் பொய் சொல்லத் தெரியாதுண்ணே. டீக்கடைக்குப் போறதை விட்டுட்டாரு. வாசல்ல கூட உக்கார்றதில்ல. பச்சையா அதைக் கூடத்துல வச்சுட்டீங்கன்னா, செத்தப்புறமும் அவரு புளுகன்தான்."

"பொய்னு நான் சொல்லலையே. மறதின்னுதானே சொல்றேன்."

"ரெண்டுல எது கௌரவம்னு நீங்களே சொல்லுங்க."

டப்பாவைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டாள். அவன் என்னைப் பார்த்தான், நான் ஸ்கூட்டரைப் பார்த்தேன். மூடியைத் தெற்கு ஜன்னல் விளிம்பில் மல்லாக்க வைத்தான். அளவெடுக்கும் இரும்பு ஸ்கேலைப் பழக்கதோஷத்தில் அதன் மேலேயே போட்டான்.

ஆனால் மறுநாள் அவன் இயந்திரத்தைச் சுரண்டவில்லை. அதற்கடுத்த நாளும் சுரண்டவில்லை. வேறு வண்டி அவசரம் என்றான். உப்புத்தாளைக் கையில் எடுப்பான், வைப்பான். சுரண்டிவிட்டால் பிறகு பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. அவன் ஆயுசில் முதல்முறையாகச் சுரண்டுவதற்குப் பயந்தான்.

சில நாள் கழித்து, கீறல் சரிபார்த்த ஸ்கூட்டரை வாங்கிக்கொள்ள நான் போன அன்றுதான் அது நடந்தது. ஒரு காரின் கதவில் கோடு போடுவதற்காக ஸ்கேலை எடுக்கப் போனவன், எடுத்த கையோடு அப்படியே நின்றான்.

"அத்தான், இங்க வாங்களேன். இது என்ன நிறம்?"

"நீலம்."

"இந்தக் கோடு?"

"பச்சை."

மூடியின் உட்பக்கம் நீலமாகியிருந்தது. நடுவில் ஸ்கேல் கிடந்த இடம் மட்டும் வகிடு எடுத்த மாதிரி நேரான பச்சை.

"வெயில் மஞ்சளைத் தின்னுடுச்சுன்னு நீதானே சொன்னே" என்றேன்.

"சொன்னேன். ஆனா இவ்வளவு சீக்கிரமா தின்னும்? எத்தனையோ வருஷம் வெயில்ல நின்ன மெஷினோட கரும்பச்சை இன்னும் கரும்பச்சையாவே இருக்கு. இந்த மூடியைத் தின்ன மட்டும் வெயிலுக்கு என்ன அவ்வளவு பசி?" அவன் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பொட்டலத்தைப் பிரிக்கும் குழந்தையின் அவசரம் அது.

அன்று அவன் வீட்டில் சாப்பிடும்போதும் அதே பேச்சு. அவன் மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். தட்டு எடுக்கச் சமையலறை அலமாரியைத் திறந்தவள் அப்படியே திரும்பினாள்.

"அண்ணே, நீங்களே கேளுங்க. இந்த அலமாரிக்கு வெள்ளை பெயின்ட் நானே கூடப் போய் நின்னு வாங்கினேன். இவருதான் அடிச்சாரு. வெளிப்பக்கம் இன்னும் வெள்ளையா இருக்கு. உள்பக்கம் பாருங்க, மஞ்சப் பல்லு மாதிரி. இவரு சட்டப்படி உள்பக்கம்தானே நிஜம்? அப்ப நான் மஞ்சள் வாங்கிட்டு வெள்ளைன்னு நினைச்சுக்கிட்டிருக்கேனா?"

சுரண்டி வாயில் வைத்த கவளத்தை மெல்லவில்லை. எழுந்தான். கை கழுவாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்து அலமாரிக் கதவின் கீலைக் கழற்ற ஆரம்பித்தான்.

"ஐயோ, தட்டெல்லாம் இருக்குங்க."

"இருக்கட்டும். நீ வாங்கினது வெள்ளைதானே? சத்தியமா வெள்ளைதானே?"

"சத்தியமா வெள்ளை. அதுக்கு என் கதவை ஏன் புடுங்குறீங்க?"

அவன் கதவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினான். நான் பின்னாலேயே போனேன். எனக்கும் ஓட்டம் வந்துவிட்டது. போகும்போதே மூச்சிரைக்கச் சொன்னான்:

"அந்தக் காலத்துப் பெயின்டும் எண்ணெயில குழைச்சது, இந்தக் கதவும் எண்ணெய்ப் பெயின்டு. இருட்டுல கிடந்தா அந்த எண்ணெய் மஞ்சளாகுது அத்தான். வெள்ளையில மஞ்சள் ஏறினா மஞ்ச வெள்ளை. வெளிர்நீலத்துல மஞ்சள் ஏறினா? நான் மூடிக் கிடந்த இடத்தையே தேடித் தேடிப் பார்த்தேன். மூடிக் கிடந்ததுதான் என்னை ஏமாத்தியிருக்கு."

அவன் தேய்த்துத் திறந்த 'கண்'களிலும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். கீழ் வளையம் எப்போதும் மேல் பூச்சுகளுக்கு அடியில் இருட்டில் கிடந்தது. முதல் ஆண்டு இயந்திரங்கள் பழுதுபார்க்கத் திரும்பி வந்தபோதெல்லாம் தொழிற்சாலை அவற்றுக்குக் கரும்பச்சை பூசி அனுப்பியிருக்கும். நீலம் ஊர் கண்ணிலிருந்து மறைந்ததும் அதனால்தான்.

ஆனால் ஊகம் போதாது. கதவின் உட்பக்கத்தில் பாதிக்குக் கறுப்பு டேப் ஒட்டினான். எண் ஒன்றின் பெயர்த்தகட்டு இடத்திலும் பாதிக்கு ஒட்டினான். இரண்டையும் பட்டறை முற்றத்தில் வெயிலில் நிறுத்தினான். வாங்கியது வெள்ளை என்று தெரிந்த கதவு வெயிலில் மறுபடி வெள்ளையானால், வெயில் தின்னவில்லை, திருப்பிக் கொடுக்கிறது என்று அர்த்தம். அப்போது பெயர்த்தகட்டு இடத்தில் எது வருகிறதோ அதுதான் முதல் நிறம்.

அப்புறம் எங்கள் எல்லாருக்கும் அதே வேலையாகிவிட்டது. காலையில் இயந்திரத்தையும் கதவையும் முற்றத்தின் கிழக்குப் பக்கம் வைப்பான், மதியத்துக்கு மேல் தெருவோரத்துக்குத் தள்ளிப்போவான். போகிறவர்கள், "விலைக்கா?" என்றார்கள். திடீரென்று தூறல் போட்ட நாளில் இரண்டு கைகளிலும் குடை பிடித்து நின்றான். தான் நனைந்தான். அவன் மனைவி வாசலில் நின்று பார்த்து, "கல்யாணமான நாளிலேருந்து எனக்கு ஒரு தடவை குடை பிடிச்சிருப்பாரா, கேளுங்கண்ணே" என்றாள். ஆனால் அவளும் தினமும் கதவைப் போய்ப் பார்த்தாள். என் மனைவி என்னைக் காலையிலேயே, "என்னாச்சுன்னு போய்ப் பாத்துட்டு வாங்க" என்று துரத்தினாள்.

நடுவில் செயலாளர் வந்தார். இயந்திரம் சிவப்பும் துருவுமாக வெயிலில் நிற்பதைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"ஏம்ப்பா, திறப்பு விழா தலைக்கு மேல நிக்குது. நீ இதுக்கு வெயில் காட்டிக்கிட்டிருக்க?"

"கொஞ்சம் பொறுங்க சார். பச்சை இல்லாமப் போகலாம்."

"நீதானே பச்சைன்னு சொன்னே? அழைப்பிதழ் பச்சை, திரை பச்சை, என் பொண்டாட்டி எடுத்த புடவை பச்சை."

"புடவை நல்லாருக்கட்டும் சார். மெஷின் என்னவா இருந்துச்சோ அதானே இருக்கணும்?"

அவர் கிளம்பினார். போகும்போது கதவைக் காட்டி, "இதுவும் கூடத்துக்கா?" என்று மட்டும் கேட்டார்.

சுரண்டி நடுவில் ஒரு நாளும் டேப்பைப் பிரித்துப் பார்க்கவில்லை. பிரித்தால் கை நிற்காது என்று அவனுக்குத் தெரியும். கடைசியில் ஒரு மத்தியானம் எங்களை எல்லாம் வரச் சொன்னான். தையல்காரம்மாவுக்கும் ஆள் அனுப்பினான். அவள் வந்து தள்ளி நின்றாள், ஊசி குத்தாமலிருக்க விரலில் மாட்டிய திம்பிளைக்கூடக் கழற்றவில்லை.

முதலில் கதவு. டேப்பை உரித்தான். ஒரு பாதி மஞ்சள். மறுபாதி வெள்ளை. "நான் சொல்லல?" என்றாள் அவன் மனைவி.

பிறகு இயந்திரம். மண்டியிட்டு உட்கார்ந்து, நகத்தால் டேப்பின் முனையைத் தூக்கி, மெதுவாக உரித்தான். டேப்புக்குக் கீழே வெளிர்பச்சை. பக்கத்தில், வெயில் பட்ட பாதியில், மழை விட்ட காலை வானம் மாதிரி நீலம்.

சுரண்டிதான் முதலில் சிரித்தான். தான் தோற்றதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதனை நான் பார்த்ததில்லை. எழுந்து, "தங்கச்சி, அப்பா முழிச்சிருப்பாரா?" என்றான்.

நாங்கள் போனபோது அவர் விழித்திருந்தார். ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்தார். சுரண்டி செருப்பை விட்டுவிட்டு அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தான்.

"ஐயா, நீலம்தான்."

"எது?"

"முதல் மெஷின்."

"அதைத்தானே நான் அப்பவே சொன்னேன். நீ இப்பத்தான் முழிச்சுக்கிட்டியா?"

"ஆமாங்க. அத்தனை பேரு முன்னால உங்களைப் பொய்யாக்கிட்டேன். அத்தனை பேரு முன்னாலயே மாத்திச் சொல்றேன். அந்த நீலத்தை எப்படிக் கலந்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க. அதே மாதிரி அடிச்சுடுறேன்."

கிழவர் மகளைப் பார்த்தார். "குடிக்கத் தண்ணி கொண்டா" என்று அவளை உள்ளே அனுப்பினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"கலந்தது நான் இல்ல. மேஸ்திரி கலப்பாரு. நான் கிளறினேன். சொல்லிச் சொல்லி வாய் பழகிடுச்சு." எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆனா நீலம். அது சத்தியம்."

"கிளறாம எந்தப் பெயின்டும் ஆகாதுங்க" என்றான் சுரண்டி. "இது நம்ம மூணு பேருக்குள்ள."

நிறத்தை அவன் டப்பா மூடியிலிருந்தே எடுத்தான். திறப்பு விழாவன்று பச்சைத் திரையை விலக்கினால் உள்ளே நீல இயந்திரம். கூட்டம் ஒரு கணம் குழம்பி, பிறகு கை தட்டியது. சுரண்டி எல்லார் முன்னாலும் தன் தவறைச் சொன்னான். அலமாரிக் கதவையும் கொண்டுவந்து காட்டினான். அவன் மனைவி முகத்தை மூடிக்கொண்டாள், விரலிடுக்கில் பார்த்தாள். உடனே செயலாளர் ஒலிபெருக்கியைப் பிடித்து, "இந்த நிறத்தைத் தன் கையாலேயே கலந்த பெரியவர்" என்று கிழவரை மேடைக்கு அழைத்தார்.

கிழவர் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மைக்கை ஒதுக்கிவிட்டார்.

"ஒரு திருத்தம். நான் கலக்கல. கிளறினேன். நல்லாக் கிளறினேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அது பழைய சிரிப்பு இல்லை. தையல்காரம்மாவும் சிரித்துவிட்டாள்.

சுரண்டி அடுத்த நாளே பட்டறைச் சுவரில் தொங்கிய நிறத் துண்டுகளின் வளையத்தை அவிழ்த்தான். எல்லா நிறத்தையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்று, சேர்த்து வைத்திருந்த பக்கத்தகடுகளை எல்லாம் மொட்டை மாடியில் பரப்பிவிட்டான். துணி உலர்த்த இடமில்லை என்று அவன் மனைவி இன்றும் சொல்கிறாள். அலமாரிக்குக் கதவு இன்னும் திரும்பி வரவில்லை.

கிழவர் விழா நடந்த அன்று சாயங்காலமே டீக்கடைக்குப் போனார். அவருடைய பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தவர் தானாக நகர்ந்துகொண்டார். டீக்கடைக்காரர் கண்ணாடி கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டார்:

"பெருசு, டீயைக் கலக்கட்டுமா, கிளறட்டுமா?"

"ரெண்டையும் நீயே பண்ணு. நான் குடிக்கிறேன்."